மலையகத் தோட்டங்களும் மின்கலமும்: அறிவியல், பராமரிப்பு, சமூகப் பொருள்

1

மின்கலத்தைப் பற்றிய கட்டுரையொன்று தமிழ்ச் சங்கத்தின் ஆய்விதழில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். பௌதிகவியற் பாடநூலுக்குரிய பொருளென்று அதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், மலையகத் தோட்டத் தொழிலாளரின் அன்றாட வாழ்வை விளங்கிக்கொள்ள முற்படும் எவரும், அவ்வாழ்வில் ஒளியும் ஒலியும் எவ்வழியாக வந்து சேர்ந்தன என்னும் வினாவைத் தவிர்க்க முடியாது. ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பிரதேசங்களின் லயங்களிலே பல தசாப்தங்களாக மின்சாரம் என்பது சுவரிலுள்ள ஆளியைத் தட்டியதும் கிடைத்த பொருளன்று. கடையிற் காசு கொடுத்து வாங்கிவரப்பட்ட பொருளாகும். டோச் விளக்கினுள் இரண்டு, வானொலிப் பெட்டியினுள் நான்கு, பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே கார் பற்றறி ஒன்று என்றவாறு, தொழிலாளர் குடும்பம் மின்சாரத்தை அடைத்த பாத்திரங்களிலேயே அறிந்து வந்தது. ஏனைய நேரங்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே துணை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. இந்நாட்டின் நீர்மின்சாரம் பிறந்த இடம் இதே மலையகமாகும். மிக மலிவான மின்சாரம் உற்பத்தியான ஆறுகளின் கரைகளில் வாழ்ந்தோர், மிக விலையுயர்ந்த மின்சாரத்தை வாங்கிப் பயன்படுத்த நேர்ந்தது. இது உணர்ச்சி வேகத்திற் கூறப்படும் கூற்றன்று. மின்கலம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தால், எண்களைக் கொண்டே நிறுவத்தக்க உண்மையாகும். மின்கலத்தின் இயக்கம், அதனைப் பேணும் முறை, அவ்வறிவு யார் கையில் இருந்தது என்னும் வினா ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆறும் கம்பியும்

கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் தேயிலை மலைகளுக்கிடையே ஓடிக் களனி கங்கையாக இணைகின்றன. இவ்வாறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே ஆய்வுரையொன்றில் எடுத்துரைத்தார். குடியேற்ற ஆட்சியின் தயக்கங்களையும் இழுத்தடிப்புகளையும் கடந்து, லக்சபான மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டியங்கும் விமலசுரேந்திர மின்னிலையமும், 1969 இல் பொல்பிட்டிய நிலையமும், 1974 இல் புதிய லக்சபான நிலையமும், 1983 இல் கனியன் நிலையமும் தொடர்ந்தன. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் நிறைவெய்தியது. இந்நீர்த்தேக்கங்களுக்காகத் தேயிலை நிலங்களும் குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது; நீர்மட்டம் தாழும் காலங்களில் அந்நகரத்துக் கோவிலின் எச்சங்கள் வெளித்தெரிவதை இன்றும் காணலாம்.

தேயிலைத் தொழிற்சாலையோ, தொழிலாளர் வழக்கிற் கூறுவதாயின் 'ஸ்டோர்', இதற்கு முன்னரே மின்சாரத்தை அறிந்திருந்தது. தோட்டத்து ஓடைகளில் நீர்ச்சுழலிகளை அமைத்து, உருட்டும் பொறிகளையும் உலர்த்தும் விசிறிகளையும் இயக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பரவியிருந்தது. துரையின் பங்களாவுக்கும் அவ்வொளி சென்றது. ஸ்டோருக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த சில நூறு யார் தூரத்தையே கம்பி கடக்கவில்லை. தேயிலை உலர்வதற்கு மின்சாரம் மூலதனத்தின் தேவை. தொழிலாளியின் பிள்ளை படிப்பதற்கு விளக்கு அவ்வாறான தேவையாகக் கருதப்படவில்லை.

1883 இல் ஏங்கெல்ஸ் பேர்ன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதமொன்றில், அதற்கு முந்திய ஆண்டில் ஜேர்மனியில் மார்செல் டெப்ரே மீஸ்பாக்கிலிருந்து மூனிச் வரை, 57 கிலோமீற்றர் தூரத்துக்குத் தந்திக் கம்பி வழியே மின்வலுவைச் செலுத்திக் காட்டிய பரிசோதனையைப் பெரும் புரட்சியாகப் போற்றினார். நீர்வீழ்ச்சியின் வலுவைத் தொலைதூரத்துக்குக் கொண்டுசெல்ல முடியுமாயின் நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான முரண்பாட்டை நீக்குவதற்கு அது வலிமைமிக்க கருவியாகும் என்பது அவரது கருத்து. மலையகத்தில் நிகழ்ந்ததோ அதன் மறுதலை. நாட்டுப்புறத்து நீரின் வலு நகரத்துக்குச் சென்றது. நாட்டுப்புறத்தில் இருள் நிலைத்தது. இதனால் ஏங்கெல்சின் கூற்றுப் பொய்யாகிவிட்டது என்று கொள்ளல் தவறு. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி அளிக்கும் வாய்ப்பைச் சமூக உறவுகள் தடுத்து நிறுத்தக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அச்சமூக உறவுகள் சட்ட வடிவமும் பெற்றிருந்தன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. லயம் தோட்டத்தின் உடைமை. அதில் வாழ்வோருக்கு அதன்மீது உரிமையில்லை. ஆதலின் மின்னிணைப்புக் கேட்டு விண்ணப்பிப்பதற்குக்கூட நிருவாகத்தின் தயவு வேண்டியிருந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானபோதும், 1992 இல் மீண்டும் தனியார் முகாமைக்குக் கையளிக்கப்பட்டபோதும், லயத்தின் உடைமை நிலை அடிப்படையில் மாறவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரை, உள்ளூராட்சி மன்றங்கள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடை இருந்தமையும் குறிப்பிடத்தக்கது. இத்தகைய சூழலிலேதான் மின்கலம் லயத்தினுள் நுழைந்தது.

3. மின்கலத்தின் சக்தி எங்கிருந்து வருகின்றது?

மின்கலத்தின் வரலாறு 1800 ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. இத்தாலிய அறிஞர் வோல்ற்றா, நாகத் தகடுகளையும் செப்பு அல்லது வெள்ளித் தகடுகளையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்த்த அட்டைகளை வைத்து, இடையறாத மின்னோட்டத்தை முதன்முதலிற் பெற்றார். அடுக்கு என்னும் அப்பொருளே 'மின்கலவடுக்கு' என்ற நமது கலைச்சொல்லில் இன்றும் எஞ்சி நிற்கின்றது. தனியொன்று கலம், பல கலங்கள் சேர்ந்தது அடுக்கு. டோச்சினுள் இடும் ஒன்றையும் காரினுள் உள்ள ஆறு கலத் தொகுதியையும் மக்கள் வழக்கு 'பற்றறி' என்றே அழைக்கும். இக்கட்டுரையிலும் தேவையான இடங்களில் அவ்வழக்கே கையாளப்படுகின்றது.

வோல்ற்றாவின் கருத்துப்படி, இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்வதே மின்சாரத்தின் காரணம். அவ்வாறாயின் எதுவும் செலவாகாமலே சக்தி பிறக்கின்றது என்றாகும். இதனை மறுத்தோர், நாகம் கரைவதாகிய இரசாயனத் தாக்கமே சக்தியின் ஊற்று என வாதிட்டனர். பரடேயின் ஆய்வுகள் இக்கட்சிக்கு வலுவூட்டின. இவ்விவாதம் பல தசாப்தங்கள் நீடித்தது. ஏங்கெல்ஸ் தமது 'இயற்கையின் இயங்கியல்' என்னும் நூலில் மின்சாரம் பற்றிய நீண்ட அத்தியாயமொன்றை இதற்கெனவே ஒதுக்கி, தொடுகைக் கொள்கையின் எச்சங்களைக் கடுமையாக விமர்சித்துள்ளமை நம் வாசகர்களின் கவனத்துக்குரியது. ஒன்றுமில்லாததிலிருந்து சக்தி தோன்றாது. ஒரு வடிவச் சக்தி இன்னொரு வடிவமாக மாறுகின்றது என்பதே அங்கு நிலைநாட்டப்படும் அடிப்படை.

இன்றைய விளக்கத்தைச் சுருங்கக் கூறுவோம். நாகத்தின் அணுக்கள் இலத்திரன்களை இழந்து அயன்களாகிக் கரைசலுட் செல்கின்றன. இழக்கப்பட்ட இலத்திரன்கள் வெளிச்சுற்றின் கம்பி வழியே, விளக்கின் இழையூடாகவோ வானொலியின் சுற்றினூடாகவோ சென்று, மறுமுனையிலுள்ள பொருளால் ஏற்கப்படுகின்றன. கலத்தினுள்ளே அயன்கள் நகர்ந்து சமநிலையைப் பேணுகின்றன. இலத்திரனை இழக்க விரும்பும் பொருளொன்று, ஏற்க விரும்பும் பொருளொன்று, இரண்டுக்குமிடையே அயன்கள் நகரத்தக்க மின்பகுபொருளொன்று என்பனவே எந்த மின்கலத்துக்கும் வேண்டிய மூன்று கூறுகளாகும்.

இங்கிருந்தே விலையின் இரகசியத்தை அறியலாம். நாகம் இயற்கையில் உலோகமாகக் கிடைப்பதில்லை. சுரங்கத் தொழிலாளர் தோண்டியெடுத்த தாதுவைப் பெருமளவு வெப்பத்தையோ மின்சாரத்தையோ செலவிட்டே உலோகமாக்குகின்றனர். அவ்வாறு செலவிட்ட சக்தியின் ஒரு பகுதியையே கலம் திருப்பித் தருகின்றது. உலர்கலத்தில் எரிபொருளாக இருப்பது, உழைப்பாலும் உலைக்களத்தாலும் தூய்மையாக்கப்பட்ட உலோகமாகும். ஆற்றினது வலுவோ, ஞாயிற்றின் வெப்பத்தால் மேலெழுந்த நீர் மழையாகி மலைமீது விழுவதால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. டோச்சுக்குரிய பெரிய உலர்கலம் ஒன்று ஏறத்தாழ 7 அல்லது 8 வாற்றுமணி சக்தியைத் தரவல்லது. மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு என்பது 1,000 வாற்றுமணி. ஆகவே ஓர் அலகு மின்சாரத்தைப் பெறுவதற்கு நூற்றிருபதுக்கு மேற்பட்ட கலங்களை வாங்க வேண்டும். நகரத்து வீட்டுக்காரர் ஓர் அலகுக்குச் செலுத்தும் கட்டணத்தையும், தோட்டத்துக் கடையில் நூற்றிருபது கலங்களின் விலையையும் எக்காலத்து விலைகளைக் கொண்டு ஒப்பிட்டாலும் முடிவு ஒன்றே.

4. உலர்கலம்

1866 இல் பிரான்சின் லெக்லாஞ்சே அமைத்த கலமே டோச் பற்றறியின் மூதாதை. அதன் திரவத்தைப் பசையாக்கி, கவிழ்ந்தாலும் சிந்தாத வடிவை 1880களில் ஜேர்மனியின் காஸ்னர் உருவாக்கினார். வெளிப்புற நாகக் கிண்ணமே மறைமுனை. நடுவேயுள்ள காபன் கோல் நேர்முனையின் இணைப்பு. கோலைச் சூழ்ந்த கரிய தூள் மங்கனீசு ஈரொட்சைட்டும் காபனும் கலந்தது. இலத்திரன்களை ஏற்பது இதுவே. இடையிலுள்ள பசையில் அமோனியம் குளோரைட்டும் நாகக் குளோரைட்டும் உள்ளன. புதிய கலத்தின் மின்னியக்கவிசை ஏறத்தாழ 1.5 வோல்ற்று.

லயத்து மக்கள் அனுபவத்தால் அறிந்த சில வழக்கங்களுக்கு அறிவியல் விளக்கம் உண்டு. டோச்சில் ஒளி மங்கிய கலங்களை வானொலிக்கு மாற்றுவதும், வானொலியில் ஓய்ந்தவற்றைச் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றுவதும் அத்தகையன. கலம் மூப்படையும்போது அதன் அகத்தடை கூடுகின்றது. டோச்சின் இழைக்குமிழ் மிகுந்த மின்னோட்டத்தை வேண்டுவது; அவ்வோட்டம் அகத்தடையினூடே செல்கையில் அழுத்தம் உள்ளேயே வீழ்ந்துவிடுகின்றது. வானொலிக்கு அதனிற் சிறு பங்கும், கடிகாரத்துக்கு இன்னும் நுண்ணிய பங்கும் போதும். ஆகவே ஒரு கருவிக்குச் செத்த கலம் இன்னொன்றுக்கு உயிருள்ளதாகும். வறுமை கற்பித்த சிக்கனம் இது. ஆயினும் ஓமின் விதிக்கு முற்றிலும் இயைந்தது.

ஓய்ந்த கலங்களை வெயிலில் வைப்பதும் அடுப்படியில் வைப்பதும் பிறிதொரு வழக்கம். கலம் தொடர்ந்து இயங்கும்போது மங்கனீசு ஈரொட்சைட்டு மணிகளின் மேற்பரப்பு விரைவிற் களைத்துவிடுகின்றது. உட்பகுதி இன்னும் புதிதாகவே இருக்கும். ஓய்வளித்தால் இவ்வேறுபாடு மெல்லச் சமனாகும். இளவெப்பம் அயன்களின் நகர்வை விரைவுபடுத்தி அகத்தடையையும் தற்காலிகமாகக் குறைக்கும். நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை செல்சியசு அளவில் உள்ளது. இத்தகைய குளிர்ப் பிரதேசத்தில் இதன் பயன் கண்கூடு. ஆனால் கரைந்துபோன நாகம் மீளாது. வெயில் தருவது சில மணிநேர நீட்சியே; புதிய சக்தியன்று. அடுப்பின் நெருப்புக்கு மிக அருகில் வைத்தால் உள்ளே ஆவியழுத்தம் பெருகிக் கலம் வெடிக்கலாம். ஆகையால் காலை வெயில் போதுமானது. தணலருகே வைத்தல் ஆகாது.

பராமரிப்பு விதிகள் மூன்று. முதலாவது, பழையதையும் புதியதையும் கலந்து இடலாகாது. தொடராக இணைக்கப்பட்ட கலங்களில் ஒன்று தீர்ந்தபின்னும் ஏனையவை அதனூடே மின்னோட்டத்தைத் தள்ளுகின்றன. அது திசைமாறி வீங்கிக் கசியும். இரண்டாவது, பயன்படுத்தாத கருவியிலிருந்து கலங்களை எடுத்துவிட வேண்டும். நாகக் கிண்ணமே செலவாகும் பொருளாதலின், அது மெலிந்து துளைபட்டுப் பசை வெளியேறும். வானொலியின் சுருள்வில்லிற் படரும் பச்சைக்களிம்பு இதன் விளைவு. மூன்றாவது, உலர்ந்த தகரப்பெட்டியில் இடும்போது முனைகள் ஒன்றையொன்றும் தகரத்தையும் தொடாதவாறு தாளிற் சுற்றி வைக்க வேண்டும்.

வானொலியின் வரலாறும் இங்கு இயைகின்றது. வால்வு வானொலிகள் வால்வின் இழையைச் சூடாக்க ஒரு கலத்தையும், 90 வோல்ற்று அளவிலான உயரழுத்த அடுக்கொன்றையும் வேண்டின. தொழிலாளர் குடும்பத்துக்கு அவை எட்டாதவை. 1947 இல் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிஸ்டர், வால்வின் சூடான இழையைத் தேவையற்றதாக்கியது. நான்கு டோச் கலங்களில் பல வாரம் பாடும் பெட்டி சாத்தியமாயிற்று. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை லயத்தறையினுள் நுழைந்ததும், திரைப்பாடலும் செய்தியும் நாடகமும் மலைக்குன்றுகளின் பொதுச் சொத்தானதும் இம்மாற்றத்தாலேயே. மலையகத்தின் வெகுசனப் பண்பாட்டை ஆராய்வோர், ஒலிபரப்பின் உள்ளடக்கத்தை மட்டுமன்றி, அதனைச் சாத்தியமாக்கிய பொருளியல் அடித்தளத்தையும் கருத்திற்கொள்ளுதல் அவசியம்.

5. சேமிப்புக்கலம்

சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை 1979 இலும் ரூபவாஹினி 1982 இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. கறுப்பு-வெள்ளைச் சிறுபெட்டிகள் 12 வோல்ற்றில் இயங்கத்தக்கனவாக இருந்தமையால், மின்சாரம் எட்டாத கிராமங்களிலும் தோட்டங்களிலும் கார் பற்றறி குடிபுகுந்தது. உலர்கலத்தினின்றும் இது இயல்பில் வேறானது. நாகம் கரைந்தால் மீளாது. இங்கோ வெளியிலிருந்து மின்னோட்டத்தை எதிர்த்திசையிற் செலுத்தினால் பொருள்கள் பழைய நிலைக்கு மீள்கின்றன. 1859 இல் பிரான்சின் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கொண்டு இதனை முதலில் அமைத்தார்.

மின்னேற்றிய நிலையில் நேர்த்தகடு ஈயவீரொட்சைட்டு. மறைத்தகடு கடற்பஞ்சு போன்ற தூய ஈயம். இடையே நீர்த்த சல்பூரிக் அமிலம். மின்னிறங்கும்போது இரு தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகின்றது. மின்னேற்றுகையில் சல்பேற்று நீங்கி அமிலம் மீள்கின்றது. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ற்று, ஆறு கலம் சேர்ந்து 12.6. இங்கு மின்பகுபொருள் வெறும் பாலமன்று. தாக்கத்திற் பங்கேற்கும் பொருள். ஆதலின் அமிலத்தின் சாரடர்த்தியே பற்றறியில் எஞ்சியுள்ள சக்தியின் அளவுகோலாகின்றது. முழுமையாக மின்னேற்றிய நிலையில் அது 1.25க்கும் 1.28க்கும் இடைப்பட்டது, இறங்கிய நிலையில் 1.15க்குக் கீழ் வரும்.

60 அம்பியர்மணிப் பற்றறியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தச் சக்தி 720 வாற்றுமணி. பற்றறி நீடிக்க வேண்டுமாயின் பாதிக்கு மேல் எடுத்தலாகாது. எஞ்சிய 360 வாற்றுமணியில் 18 வாற்றுத் தொலைக்காட்சி 20 மணிநேரம் இயங்கும். இரவுக்கு நான்கு மணிநேரமாயின் ஐந்து இரவுகள். அதன்பின் ஏறத்தாழ 15 கிலோகிராம் நிறையுள்ள பற்றறியைத் தோளிலோ தலையிலோ சுமந்து, மலைப்பாதையில் இறங்கி நகரத்து மின்னேற்றும் கடைக்குச் செல்ல வேண்டும். கொழுந்துக் கூடையை ஒத்த சுமை அது. அக்கடையில் ஏற்றப்பட்டது, தோட்டத்தின் அருகே ஓடும் ஆற்றினின்று பிறந்து கம்பி வழியே நகரத்துக்கு வந்த அதே மின்சாரந்தான். கம்பி செய்யாது விட்ட கடைசி மைல்களின் வேலையைத் தொழிலாளியின் தோள் செய்தது. இவ்வாறு இருநூறு முறை ஏற்றியிறக்கினால் பற்றறி தேய்ந்துவிடும் எனக் கொண்டால், அதன் வாழ்நாளில் பெறப்படுவது 72 அலகுகள் மட்டுமே. நடுத்தர நகரத்துக் குடும்பமொன்று ஏறத்தாழ ஒரு மாதத்திற் பயன்படுத்துவது அவ்வளவே.

கார் பற்றறி இவ்வேலைக்கென ஆக்கப்பட்டதன்று என்பதையும் இங்கு கூறவேண்டும். இயந்திரத்தைக் கிளப்பச் சில வினாடி பெரும் மின்னோட்டம் தருவதற்காக அதன் தகடுகள் மெல்லியனவாகவும் பலவாகவும் அமைக்கப்படுகின்றன. ஆழ இறக்கி ஏற்றுவதற்குத் தடித்த தகடுள்ள வேறு வகை உண்டு. முழுவதும் இறங்கிய பற்றறியை நாட்கணக்கில் அப்படியே விட்டால், மென்மையான சல்பேற்றுத் துகள்கள் பெரும் பளிங்குகளாக இறுகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அவை மீள்வதில்லை. சம்பளநாள் வரும்வரை மின்னேற்றக் காசின்றிக் காத்திருந்த குடும்பத்தின் பற்றறி விரைவில் அழிந்தமைக்குக் காரணம் இதுவே. வறியோருக்கே பொருள் விரைவிற் கெடுகின்றது. கெட்டதனால் மேலும் வறுமை பெருகுகின்றது.

6. நீரமானியும் தராசும்

மலையகத்தில் அளவிடுதல் எப்போதும் அரசியற் பொருளுடையது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் பற்றிய தகராறு தோட்டத்தின் வரலாறு முழுவதும் தொடர்வதாகும். தராசு யார் கையில் உள்ளதோ அவர் பக்கமே கணக்கும் சாயும். பற்றறியின் நிலையும் இதற்கு அப்பாற்பட்டதன்று. மின்னேற்றும் கடையில் செலுத்தும் காசு ஓர் இரவுக்குரியது. பற்றறியினுள் உண்மையில் எவ்வளவு ஏறியது என்பதைக் கொண்டு செல்வோர் அறியார். வெவ்வேறு நிலையிலுள்ள பல பற்றறிகளைத் தொடராக இணைத்து ஒரே மின்னேற்றியில் இடுமிடத்து, சில கொதித்து வீணாகும். சில அரைகுறையாகவே திரும்பும்.

இதற்கு மாற்று, நீரமானியாகும். கண்ணாடிக் குழாயினுள் மிதக்கும் சிறு குமிழும் உறிஞ்சும் இறப்பர்ப் பந்தும் கொண்ட எளிய கருவி அது. ஒவ்வொரு கலத்திலிருந்தும் சிறிது அமிலத்தை உறிஞ்சி, மிதவை நிற்கும் மட்டத்தைப் படித்து, அமிலத்தை மீண்டும் அதே கலத்தினுள் விடவேண்டும். ஆறு கலங்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டுதல் நலம். ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின் அக்கலம் பழுதுற்றது. குளிர்ந்த அமிலம் சற்று அடர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்; 15 பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.01 கழித்துக் கொள்ளலாம். லயத்துக்கு ஒரு நீரமானி இருந்தால் போதும், கடையினின்று திரும்பும் ஒவ்வொரு பற்றறியையும் எல்லோர் முன்னிலையிலும் சோதிக்கலாம். தராசைத் தாமே பார்க்கும் உரிமைக்கு ஒப்பானது இது.

7. லயத்தறையிற் பராமரிப்பு

பராமரிப்பின் முதல் விதி, குறைந்த நீரை ஈடுசெய்வதாகும். மின்னேற்றத்தின் இறுதியில் நீரின் ஒரு பகுதி ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறுகின்றது. தகடுகளின் மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு வெளியே தெரியலாகாது. சேர்க்க வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. ஊற்று நீரிலும் பீலி நீரிலும் கரைந்துள்ள இரும்பும் பிற உப்புகளும் தகடுகளைக் கெடுக்கும். மழைநீர் தூயது என்பது உண்மையேயாயினும், லயத்தின் தகரக் கூரையில் விழுந்து வழிந்த நீர் நாகத்தையும் துருவையும் ஏந்திவரும். நீர் குறைந்ததற்காக அமிலம் சேர்ப்பது பெருந்தவறு. ஆவியாகிப் போவது நீரேயன்றி அமிலமன்று.

இரண்டாவது, மின்னேற்றும் அளவு. பற்றறியின் கொள்ளளவில் பத்திலொரு பங்கு மின்னோட்டம் பொருத்தமானது. 60 அம்பியர்மணிக்கு 6 அம்பியர். அழுத்தம் 14.4 வோல்ற்றை எட்டியதும் குமிழிகள் பெருகும். அதன்பின் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, முனைகளின் தூய்மை. மலைப் பனியின் ஈரத்தில் முனைகளில் வெண்மையும் பச்சையும் கலந்த உப்புப் படரும். அப்பச்சோடாவை நீரிற் கரைத்துத் துடைத்து, உலர்த்தி, வசலின் பூசுதல் போதும். அக்கரைசல் கலத்தினுள் ஒரு துளியும் விழலாகாது. குளிர் ஒருபுறம் பகை, மறுபுறம் நட்பு. 25 பாகையிற் கிடைக்கும் சக்தியில் பத்திலொரு பங்குக்கு மேல் 10 பாகையிற் குறையும். ஆனால் தகடுகளின் அரிப்பும் தன்னிறக்கமும் குளிரில் மெதுவாகும்.

இனி ஆபத்துகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில், அடுப்பும் குப்பி விளக்கும் உள்ள இடத்தில், குடும்பம் முழுவதும் உறங்கும் வேளையில் பற்றறியை மின்னேற்றுதல் கூடாது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஐதரசன் சேர்ந்தாலே அது தீப்பற்றி வெடிக்கத்தக்கது. பற்றறி வாசற்புறத் தாழ்வாரத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத மரப்பெட்டியில் இருத்தல் வேண்டும். அமிலம் உடலிற் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணிற் பட்டால் கழுவியபின் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும் தேவை எழுந்தால், நீரினுள் அமிலத்தை ஊற்றலாமேயன்றி, அமிலத்தினுள் நீரை ஊற்றலாகாது.

எல்லாவற்றினும் கொடியது ஈயம். பழைய பற்றறியை உடைத்து ஈயத்தை உருக்கி விற்பது சிறு வருவாய் தரும். அப்புகையும் தூசும் உடலிற் சேர்ந்து இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகின்றன. வளரும் பிள்ளைகளின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படுகின்றது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பயன் தீர்ந்த பற்றறியை உடையாமல், அமிலத்தை ஓடையிற் கொட்டாமல், முழுமையாகவே விற்றுவிடுவதுதான் தக்கது. அவ்வோடையே கீழ் லயத்தின் குடிநீர்.

8. முடிவுரை

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. பெரும்பாலான லயங்களை மின்கம்பி எட்டிவிட்டது. குடியுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீர்வு கண்டது. தொலைக்காட்சியின் அருகே கார் பற்றறி இருந்த இடத்தை இப்போது கைத்தொலைபேசியின் இலித்தியம் கலம் பிடித்துள்ளது. 1991 இற் சந்தைக்கு வந்த அக்கலத்தை ஆக்கிய அறிவியலாளர் மூவர் 2019 இல் நோபல் பரிசு பெற்றனர். இலித்தியம் அயன்கள் இரு மின்வாய்களுக்கிடையே சென்று திரும்புவதே அதன் இயக்கம். அதற்கு நீரும் வேண்டியதில்லை, அமிலமும் இல்லை; வெப்பமே பகை. வீங்கிய கலத்தைக் குத்துதலும் நசுக்குதலும் தீயை விளைவிக்கும்.

ஆயினும் மின்கலம் பற்றிய அறிவு காலங்கடந்ததாகிவிடவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது, நகரத்தவர் பலருக்குப் புதிதாயிருந்த இருள் லயத்து முதியோருக்குப் பழகியதே. மண்சரிவு கம்பத்தைச் சாய்க்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவ்வறிவு மீண்டும் தேவைப்படுகின்றது. சூரியத் தகடுகளின் பரவலோடு சேமிப்புக்கலம் புதிய முக்கியத்துவமும் பெற்றுள்ளது.

இங்கு மொழி பற்றிய வினாவொன்றும் எழுகின்றது. பாடநூல் 'மின்பகுபொருள்' என்கின்றது. லயம் 'அசிட்' என்கின்றது. பாடநூலின் மாணவர் பரீட்சையில் லெக்லாஞ்சே கலத்தை வரைவர். வீட்டிலுள்ள பற்றறி ஏன் கெட்டது என்பதைக் கூறார். தகப்பனோ பற்றறியின் போக்கை நன்கறிவார். அதன் காரணத்தை அவருக்கு எவரும் கூறவில்லை. இவ்விரு அறிவுகளும் சந்திக்காதிருப்பது தற்செயலன்று; கையுழைப்பையும் மூளையுழைப்பையும் பிரித்துவைத்த சமூக அமைப்பின் விளைவு. தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான பாடம் வீட்டிலுள்ள டோச்சிலிருந்தும், பெற்றோரின் அனுபவத்திலிருந்தும் தொடங்குமாயின் அப்பிளவு ஓரளவேனும் குறையும். தமிழில் அறிவியல் என்பது கலைச்சொல்லாக்கத்தோடு முடிவதன்று. உழைக்கும் மக்கள் தம் கையிலுள்ள கருவியைத் தாமே அளக்கவும் பேணவும் அதுபற்றி வினவவும் வல்லவராகும்போதே அது நிறைவு பெறும்.